முதல் பனிக்காலத்தில் என்னை நடுங்க வைத்தது வியர்வை

வெளியே மைனஸ் 12 டிகிரி. எனக்கோ முதுகெல்லாம் வியர்வை. வடக்கே, பனி கொட்டும் ஒரு வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் டிசம்பரில் ஒரு காலை அது. உள்ளே பருத்தி பனியன், மேலே பருத்திச் சட்டை, அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் கடையில் இருந்ததிலேயே கனமான கோட். இத்தனையையும் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பஸ்ஸுக்குள் ஹீட்டர் அனலாக வீசியது. கூட்டத்தில் ஜிப்பைத் திறக்கக்கூட இடமில்லை. இறங்கி, அடுத்த பஸ்ஸுக்காக 20 நிமிடம் நின்றேன். முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருந்தது. அப்புறம் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு சில்லிட ஆரம்பித்தது. வகுப்பில் போய் உட்கார்ந்தபோது பல் தந்தியடித்தது, பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

கோட் சரியில்லை என்று முடிவுகட்டினேன். மறுநாள் இன்னொரு ஸ்வெட்டர் சேர்த்தேன். இன்னும் மோசம். இப்படியே இரண்டு வாரம் ஓட்டினேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்தவன் பனியிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒருநாள் நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு என் காலரைத் தொட்டுப் பார்த்தான். "இவ்வளவு ஈரமாக இருக்கிறதே, குளிராமல் என்ன செய்யும்?" என்றான். தண்ணீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். துணி இழைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. பருத்தி வியர்வையைக் குடித்து, காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரை நிரப்பிவிடும். பரீட்சையில் இதையெல்லாம் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனால் சட்டை போடும்போது அது நினைவுக்கு வரவில்லை.

அன்றைக்கே பருத்தியை உள்ளாடை வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். தோலை ஒட்டி மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ ஆன தெர்மல். அது வியர்வையைத் தேக்காமல் வெளியே கடத்தும், சீக்கிரம் காய்ந்துவிடும். அதற்கு மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி அல்லது கம்பளி. வெளியே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் கோட். மூன்றே அடுக்கு. முன்பு போட்டதைவிட எடையில் பாதிகூட இராது.

அடுக்கு அடுக்காக உடுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். கழற்றுவதைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. எனக்கு உண்மையில் கைகொடுத்தது அந்தக் கழற்றும் பழக்கம்தான். வீட்டு வாசலைத் தாண்டியதும் லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிட நடையில் வியர்க்கப் போகிறது என்று பொருள். பஸ் தூரத்தில் தெரியும்போதே ஜிப்பைத் திறந்துவிடுவேன், தொப்பியைக் கழற்றுவேன். வகுப்பறைக்குள் 22 டிகிரி இருக்கும். அங்கே கோட்டோடு உட்கார்ந்திருப்பவர் வெளியே வரும்போது நனைந்து வருவார். பஸ்ஸுக்கு ஓடுவதையும் விட்டுவிட்டேன். தாமதமானால் ஆகட்டும்.

கோட் வாங்குவது பற்றி இரண்டு விஷயம். குளிரே இல்லாத ஊரில் "குளிர் கோட்" என்று விற்பதை நம்பிப் பெட்டியை நிரப்ப வேண்டாம். வந்து இறங்கும் நாளைச் சமாளிக்க ஒன்று போதும். மீதியைப் போன இடத்தில், அங்கே பல வருடம் இருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்குவதுதான் நல்லது. இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும், தலையை மூடும் தொப்பி கோட்டோடு சேர்ந்தே இருக்க வேண்டும், மணிக்கட்டில் காற்று புகாதபடி பிடிப்பு வேண்டும். பறவையின் மென்தூவி அடைத்த கோட் எடை குறைவு, சூடு அதிகம், ஆனால் நனைந்தால் கட்டிதட்டிப் போய் பயனற்றதாகிவிடும். வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றியே இருந்து மழையும் பனியும் கலந்து கொட்டும் ஊரென்றால் செயற்கை இழை அடைத்ததே மேல். படிப்பு முடித்துக் கிளம்பும் மாணவர்கள் தங்கள் கோட்டை விற்றுவிட்டுப் போவார்கள். அதைத் தாராளமாக வாங்கலாம். பூட்ஸை மட்டும் பழையதாக வாங்காதீர்கள், அது வேறொருவர் காலுக்குப் பழகியிருக்கும்.

பூட்ஸில் நான் செய்த தவறு தனிக் கதை. காலுக்குக் கச்சிதமாக இருந்ததை வாங்கிவிட்டு, குளிருக்கு இரண்டு சாக்ஸ் போட்டு அதற்குள் காலைத் திணித்தேன். அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. இறுக்கத்தில் ரத்தம் சரியாக ஓடவில்லை, காற்றுக்கும் இடமில்லை. தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் பூட்ஸை மாட்டி, உள்ளே விரல்களை ஆட்ட முடிகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கையுறையிலும் இதே கணக்கு. ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை உள்ளதைவிட, கட்டைவிரல் தவிர மற்ற நான்கும் ஒன்றாக இருக்கும் உறை அதிகச் சூடு தரும். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். போனைத் தொட வேண்டுமே என்பவர்கள் உள்ளே மெல்லிய கையுறை ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

போனைப் பற்றிச் சொல்லும்போது நினைவுக்கு வருகிறது: 40 சதவீதம் சார்ஜ் இருந்த போன், கோட்டின் வெளிப்பையில் இருந்தபடியே செத்துப்போனது. நான் வழி தெரியாமல் நின்ற தெருவில். லித்தியம் அயன் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். சூடானதும் போன் தானாக உயிர்பெறும். உள்பையில், உடம்பை ஒட்டி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடுவதும் அதற்குக் கேடு. கொஞ்ச நேரம் அறைச்சூட்டுக்கு வரவிட வேண்டும்.

அடுத்தது காற்று. ஆரம்பத்தில் நான் வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவேன். மைனஸ் 10 என்று இருக்கும், ஆனால் முகத்தில் அறைகிற குளிர் வேறு கணக்கில் இருக்கும். "வின்ட் சில்" என்று பக்கத்தில் இன்னொரு எண் போடுவார்கள். அதைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20 போலத்தான். 1940களில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர் அன்டார்க்டிகாவில் பிளாஸ்டிக் உருளைக்குள் தண்ணீர் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று அளந்து தொடங்கிவைத்த கணக்கு இது. மனித முகத்துக்குப் பொருந்துகிற மாதிரி திருத்திய சூத்திரத்தை அமெரிக்காவும் கனடாவும் 2001இல் எடுத்துக்கொண்டன. அந்த எண் மைனஸ் 28 அளவுக்குப் போனால் மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறையலாம். மைனஸ் 40ஐத் தாண்டினால் பத்து நிமிடம்கூட வேண்டாம்.

தொப்பியை மறந்துவிட்டுப் போன ஒருநாள், என் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வலி இருந்தவரை கவலையில்லை. வலி நின்றபோதுதான் பயப்பட்டிருக்க வேண்டும், நானோ "பரவாயில்லை, பழகிவிட்டது" என்று மகிழ்ந்தேன். உறைகிற தோல் சிவந்து, அப்புறம் வெளுத்து மெழுகு போல ஆகும் என்று போட்டிருப்பார்கள். நம்மைப் போன்ற கருத்த தோலில் அந்த நிறமாற்றம் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. மரத்துப்போவதுதான் நமக்கு நம்பகமான அறிகுறி. அப்படி ஆனால் உள்ளே போய், வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, கொதிக்கும் நீரோ ஹீட்டரோ பக்கத்திலேயே வரக் கூடாது. உணர்ச்சியற்ற தோல் வெந்தாலும் தெரியாது. உணர்ச்சி திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும். எனக்குக் காது ஒரு வாரம் எரிந்ததோடு போயிற்று.

தமிழில் பெரும்பொழுது ஆறில் இரண்டைப் பனிக்கே கொடுத்திருக்கிறோம், முன்பனி, பின்பனி என்று. ஆனால் புல்லில் சொட்டும் துளியும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி, கீழே கல்லாக இறுகிக் கிடப்பதும் பனி. வந்த புதிதில் என் மூளையும் இப்படித்தான் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தது. அதற்கான தண்டனை இடுப்பில் கிடைத்தது.

மைனஸ் 15இல் புதிதாக விழுந்த பனியில் நடப்பது சுலபம். காலடியில் கறக் கறக் என்று சத்தம் கேட்கும், பிடிமானமும் இருக்கும். ஆபத்தெல்லாம் பூஜ்யத்தை ஒட்டிய நாட்களில். பகலில் லேசாக உருகி ஓடும் தண்ணீர், சாயங்காலம் நடைபாதையில் கண்ணாடி மாதிரி உறைந்து நிற்கும். அடியில் இருக்கும் தரை அப்படியே தெரிவதால் ஈரம் என்றுதான் நினைப்போம். "இன்று குளிர் குறைவு" என்று நான் சந்தோஷமாகக் கிளம்பிய நாட்களில்தான் இரண்டு முறை விழுந்தேன். உப்புத் தூவியிருக்கிறார்களே என்று நம்பவும் முடியாது. சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் மிக மந்தமாகத்தான் வேலை செய்யும். அங்கெல்லாம் மணலோ சிறுகல்லோ கொட்டுவார்கள்.

பென்குவின் மாதிரி நட என்று சொல்லிக்கொடுத்தான் அதே ஆய்வக நண்பன். கேலி செய்கிறான் என்று நினைத்தேன், இல்லை. உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் தட்டையாகப் பதியும்படி, பாதங்களை லேசாக வெளிப்புறம் திருப்பி நடக்க வேண்டும். எடை எப்போதும் முன்காலின் மேல். கைகளைப் பாக்கெட்டில் விடவே கூடாது. அதற்காகத்தான் கையுறை. ஒரு தோளில் தொங்கும் பையை விட்டுவிட்டு இரு தோளிலும் மாட்டும் பைக்கு மாறினேன். மோசமான நாட்களுக்கு, பூட்ஸின் அடியில் மாட்டும் முள் பட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கட்டடத்துக்குள் போகும்போது அதைக் கழற்ற மறக்கக் கூடாது, வழவழப்பான தரையில் அதுவே ஆளைச் சறுக்கிவிடும். சொல்லப்போனால் நான் மிக மோசமாக விழுந்தது வெளியே அல்ல. நூலகத்தின் நுழைவாயிலில், எல்லோர் காலிலிருந்தும் உருகிய பனி தேங்கிய டைல்ஸ் மேல், ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருக்க. மூன்று நாள் பக்கவாட்டில்தான் உட்கார முடிந்தது.

வெளியே நடக்கும் போராட்டம் இதுவென்றால், அறைக்குள் வேறொன்று காத்திருந்தது. ஜனவரி தொடக்கத்தில் ஒருநாள் எழுந்தபோது தலையணையில் ரத்தம். மூக்கிலிருந்து வந்தது. பயந்தே போனேன். காரணம் வெறும் வறட்சி. மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும், அதை உள்ளே இழுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிடும். பாலைவனக் காற்று அது. உதடு வெடிக்கும், கைமுட்டியில் கீறல் விழும், கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே மின்சாரம் சுருக்கென்று கடிக்கும். குளிர் தாங்காமல் அரை மணி நேரம் கொதிக்கும் நீரில் குளித்துக்கொண்டிருந்தேன். அது தோலில் இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயையும் கழுவிவிட்டது. வெந்நீரை வெதுவெதுப்பாக்கி, ஐந்து நிமிடத்தில் முடித்து, துடைத்த ஈரம் காய்வதற்குள் கெட்டியான கிரீம் தடவினேன். மூக்கின் உட்புறம் இரவில் ஒரு துளி உப்புநீர் ஜெல். ஒரு வாரத்தில் சரியாயிற்று. ஈரப்பதமூட்டி வாங்கினால் ஜன்னல் கண்ணாடியைக் கவனித்துக்கொள்ளுங்கள். அதில் தண்ணீர் வழிந்தால் அளவு மீறிவிட்டது, மூலையில் பூஞ்சை பிடிக்கும். ஈரத் துணியை அறைக்குள் காயப்போட்டாலே பலருக்குப் போதும்.

ஹீட்டர் பற்றி ஒன்றே ஒன்று. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை அடியோடு அணைத்துவிட்டுப் போகாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், சுவருக்குள் இருக்கும் குழாய் வெடிக்கும். 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்துவிட்டுப் போவது நல்லது. எங்கள் கட்டடத்தில் ஒருவர் அணைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்த நாளை நான் விவரிக்கப் போவதில்லை.

இவ்வளவும் உடம்பைப் பற்றியது. கோட் வாங்கலாம், கிரீம் தடவலாம், விழுந்தால் எழுந்திருக்கலாம். இருட்டைத்தான் நான் கவனிக்கவே இல்லை.

நான் இருந்த ஊர் 45 டிகிரி அட்சரேகையை ஒட்டியது. டிசம்பர் கடைசி வாரங்களில் பகல் வெளிச்சம் எட்டே முக்கால் மணி நேரம்தான். 60 டிகிரியில் இருப்பவர்களுக்கு அது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு, ஆகவே புலம்ப எனக்குத் தகுதியில்லை. ஆனால் என் ஆய்வகத்தில் ஜன்னல் இல்லை. விடியாத நேரத்தில் உள்ளே போவேன். மாலை நாலே காலுக்குச் சூரியன் மறையும். நான் வெளியே வரும்போது நள்ளிரவு மாதிரி இருக்கும். ஜனவரியில் தூக்கம் நீண்டது. பத்து மணி நேரம் தூங்கியும் எழ முடியவில்லை. காலை வகுப்புகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. மாவும் இனிப்புமாகத் தின்றுகொண்டே இருந்தேன். நண்பர்கள் அழைத்தால் போனைத் திருப்பி வைத்துவிடுவேன். வீட்டுக்குப் பேசும்போது "படிப்பு அதிகம்" என்பேன். என்னையே நான் சோம்பேறி என்று திட்டிக்கொண்டேன். பிறகு வீட்டு நினைவு என்று நினைத்தேன். குளிர் என்று ஒருபோதும் தோன்றவில்லை, ஏனென்றால் அறைக்குள் எனக்குக் குளிரவே இல்லை.

எனக்கு மூன்று வருடம் முன்னால் வந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஓர் அக்கா, கதவைத் தட்டித் திறக்க வைத்தார். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"தம்பி, கடைசியா எப்ப வெயில பாத்தே?"

யோசித்தேன். பதில் வரவில்லை.

"கோட்ட மாட்டு" என்றார்.

மதியம் பன்னிரண்டரை மணி. மேகமூட்டம்தான், வெயில் என்று சொல்லவே முடியாது. அரை மணி நேரம் நடந்தோம். அவர் தன் ஆய்வைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து நின்றார். மூன்றாம் நாள் நானே தயாராக இருந்தேன்.

இதற்குப் பெயர் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. நார்மன் ரோசென்தாலும் உடன் பணியாற்றியவர்களும் 1984இல் இதைப் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தார்கள். அதிகத் தூக்கம், மாவுப்பண்டங்களின் மேல் ஆசை, எடை கூடுவது, ஆட்களிடமிருந்து ஒதுங்குவது என்று நான் என் குணக்கேடாக நினைத்த எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைக் காலை வெளிச்சம்தான் தினமும் திருத்தி வைக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். வீட்டு விளக்கு தருவது சில நூறு லக்ஸ். மேகம் மூடிய நண்பகல்கூட வெளியே ஆயிரக்கணக்கில் லக்ஸ் தரும். கண்ணுக்கு இரண்டும் வெளிச்சமாகத்தான் தெரிகின்றன, அதனால் ஏமாந்துவிடுகிறோம்.

பல்கலைக்கழக மருத்துவரைப் பார்த்தேன். அவர் சொன்னபடி 10,000 லக்ஸ் தரும் விளக்கொன்றை வாங்கி, எழுந்ததும் 30 நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்து மின்னஞ்சல் படித்தேன். விளக்கை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, ஓரமாக முகத்தில் பட்டால் போதும். மாலையில் வைத்தால் தூக்கம் கெடும். கண் நோய் உள்ளவர்களும், இருமுனை மனநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. விடுமுறை நாளிலும் ஏழு மணிக்கு எழுந்தேன். அதுதான் இருப்பதிலேயே கடினமாக இருந்தது, பலனும் அதில்தான் அதிகம் என்று நினைக்கிறேன். மதிய நடையை விடவில்லை. மூன்று வாரத்தில் ஒரு காலை, அலாரத்துக்கு முன்பே விழித்துவிட்டேன். இவையெல்லாம் பலிக்காமல், வாழ்வதே வீண் என்ற எண்ணம் தலைகாட்டினால் நடையையும் விளக்கையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவரிடமோ மாணவர் ஆலோசகரிடமோ சொல்லிவிட வேண்டும்.

அந்த மருத்துவரே வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொன்னார். குறைவாக இருந்தது. வடக்கே பனிக்கால வெயில் மிகச் சாய்வாக விழுவதால், தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்கள் தரையை எட்டுவதே இல்லை. 1988இல் வந்த ஓர் ஆய்வு, 42 டிகிரியில் இருக்கும் அமெரிக்காவின் பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரையும், அதைவிட வடக்கே இருக்கும் கனடாவின் எட்மன்டனில் அக்டோபர் முதல் மார்ச் வரையும் இதுதான் நிலைமை என்று காட்டியது. கருத்த தோலுக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் வெயில் தேவை. ஆகவே நான் அரை மணி நடந்ததெல்லாம் மனதுக்குத்தான். வைட்டமினுக்கு மாத்திரை. அளவை நாமே கூட்டிக்கொள்ளக் கூடாது, ரத்தப் பரிசோதனை பார்த்து அவர் சொல்வதுதான் அளவு. நல்ல வெயில் அடிக்கும் பனி நாளில் கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். புதுப் பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்.

ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. டிசம்பர் 21ஐ ஒட்டித்தான் பகல் மிகக் குறுகியது. ஆனால் சூரியன் மிகச் சீக்கிரம் மறையும் நாள் அது இல்லை. எங்கள் அட்சரேகையில் அது டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடுகிறது. மிகத் தாமதமாக விடிவது ஜனவரி தொடக்கத்தில். அதாவது எல்லோரும் "இன்னும் இருட்டுகிறதே" என்று அலுத்துக்கொள்ளும் நேரத்தில் மாலை ஏற்கெனவே நீள ஆரம்பித்திருக்கும். இரண்டாம் வருடம் டிசம்பர் பாதியிலேயே சுவரில் சூரியன் மறையும் நேரத்தை எழுதி ஒட்டினேன். தினம் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று கூடுவதைப் பார்க்கச் சின்னப்பிள்ளை போல ஆவல்.

சில்லறை விஷயங்கள் சில. தலையை ஈரத்தோடு விட்டுக் கிளம்பினால் முடி குச்சியாக உறையும், ஆகவே குளியலை இரவுக்கு மாற்றினேன். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிடம் குருடர்கள்தான், வாசலில் நின்று நிதானிப்பது மேல். குளிரில் மூக்கு ஒழுகுவது சளி இல்லை, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்க மூக்கு படும் பாடு அது. கைக்குட்டை போதும், மாத்திரை வேண்டாம். பையில் எப்போதும் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் வைத்திருப்பேன். பூட்ஸுக்குள் பனி புகுந்த நாளில் அதன் அருமை தெரிந்தது. பனிச்சறுக்கு, பனியில் நடை என்று யாராவது கூப்பிட்டால் மறுக்காமல் போய்வருவேன். எனக்குச் சறுக்க வராது, குழந்தைகள் என்னைத் தாண்டிப் போவார்கள். ஆனால் வெளியே போக ஒரு காரணம் இருக்கும் நாட்களில் குளிர் அவ்வளவாக உறைப்பதில்லை.

கையுறை மட்டும் எனக்குத் தங்கியதே இல்லை. முதல் பனிக்காலத்தில் மட்டும் நான்கைத் தொலைத்தேன், எல்லாம் இடது கை. டிசம்பரில் ஒன்று போனபோது அந்த அக்கா, "மிச்சம் இருக்கறதத் தூக்கிப் போட்றாதே, வச்சுக்கோ" என்றார். ஒற்றைக் கையுறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு மாதம் கழித்துத் தூக்கிப் போட்டேன். மார்ச் கடைசியில், பஸ் நிறுத்தத்தின் ஓரமாக மூன்று மாதமாக ஆள் உயரத்துக்குக் குவிந்து கறுத்துக் கிடந்த பனி கரையத் தொடங்கியது. ஒருநாள் காலை, அதன் விளிம்பில், சேறு படிந்து, விரல்கள் விரிந்தபடி, என் இடது கையுறை.